எரர் வந்ததும் ஃபார்மட் போட வேண்டுமா? வீட்டு டெஸ்க்டாப்புக்கு எந்த வழி எப்போது

வீட்டு டெஸ்க்டாப்பில் எரர் வந்துவிட்டால், கணினி தெரிந்தவர் யாரைக் கேட்டாலும் "ஃபார்மட் போட்டுடுங்க, சரியாயிடும்" என்ற பதில்தான் முதலில் வரும். சில நேரம் அது சரியான பதிலாகவும் இருக்கும். ஆனால் ஃபார்மட் போட்டால், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டால், கோளாறு எங்கிருந்து வந்தது என்பதற்கான தடயமும் சேர்ந்தே அழிந்துவிடும். கோளாறு ரேமிலோ டிஸ்க்கிலோ இருந்தால், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் போட்ட பிறகு அதே எரர் மறுபடி வந்து நிற்கும்.

விண்டோஸ் 10, 11 ஓடும் டெஸ்க்டாப்பில் ஒரு எரருக்குப் பதிலாகச் செய்யக்கூடியவை ஐந்து. கண்டுகொள்ளாமல் விடலாம். கடைசியாகச் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறலாம். இருக்கிற விண்டோஸையே பழுது பார்க்கலாம். புதிதாகப் போடலாம். பாகத்தைச் சோதித்து மாற்றலாம். இவற்றுள் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இதைச் செய்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? முடியும் என்றால் அது முதலில். முடியாது என்றால் அது கடைசியில். எந்த வழி வேகமாக முடியும் என்பதைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் முதல் முயற்சியிலேயே காரணத்தைச் சரியாகப் பிடித்துவிடுவது அபூர்வம்.

எதையும் தொடும் முன் இரண்டு வேலைகள். ஒன்று, முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் மதர்போர்டின் நிரல்) அமைப்பை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ, திடீரென்று 48 இலக்க பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயைக் கேட்டு நிற்கும். அந்த எண் இல்லை என்றால் டிஸ்க்கில் இருப்பது யாருக்கும் திறக்காது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்து வையுங்கள். இந்த ஒரு எண் இல்லாததால் பழுது பார்க்கும் வேலையில் மிகப் பெரிய இழப்பு வரலாம்.

எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம்

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரை முதல்முறை திறந்து பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். நன்றாக ஓடும் கணினியில்கூடச் சிவப்பும் மஞ்சளுமாகப் பக்கம் பக்கமாக வரிகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. டிஸ்ட்ரிப்யூட்டட்காம் என்ற பெயரில் வரும் 10016 என்ற பதிவு இதற்கு நல்ல உதாரணம். இதைப் புறக்கணிக்கலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ஆனாலும் அதைத் 'தீர்க்க' ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அனுமதிகளை மாற்றி, இல்லாத பிரச்சினையை வரவழைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் வீட்டில் பார்க்கும் ஒருவருக்கு ஈவன்ட் வியூவரைவிட ரிலையபிலிட்டி மானிட்டரைத்தான் முதலில் சொல்வேன். ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று தேடினாலே வரும். நாள்வாரியாக ஒரு கோடு, 1 முதல் 10 வரை ஒரு மதிப்பு, எந்த நாளில் எந்த நிரல் செயலிழந்தது, எந்த நாளில் எந்த அப்டேட் ஏறியது எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். செவ்வாய்க்கிழமை ஒரு டிரைவர் (ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) ஏறியிருக்கிறது, புதன்கிழமையிலிருந்து சிவப்புக் குறிகள் வரிசையாக நிற்கின்றன என்றால் அதற்கு மேல் துப்பறிய வேண்டியதில்லை. ஈவன்ட் வியூவருக்குப் போக வேண்டியது, கோளாறு நடந்த நேரம் தெரிந்த பிறகுதான். அந்த நேரத்துக்கு முந்தைய ஓரிரு நிமிடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

அப்படிப் பார்க்கும்போது தட்டுப்படும் பதிவுகளில் கெர்னல்-பவர் 41 தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. கணினி முறையாக நிற்காமல் மறுபடி கிளம்பியிருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். அது விளைவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. ஆனால் அதன் விவரப் பகுதிக்குள் பக்செக்கோட் என்று ஒரு வரி இருக்கும். அங்கே 0 இருந்தால் நீலத்திரை (விண்டோஸ் செயலிழந்து நிற்கும்போது வரும் எரர் திரை) எதுவும் பதிவாகவில்லை. மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது கணினி அப்படியே உறைந்திருக்கலாம். வேறு எண் இருந்தால் அதுதான் நீலத்திரையின் ஸ்டாப் கோட், அதாவது எரர் எண், 0x வடிவில் இல்லாமல் சாதாரண எண்ணாக எழுதப்பட்டது. இந்த ஒரு வரியை வைத்தே மென்பொருள் பக்கம் போவதா, எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கம் போவதா என்று ஓரளவு முடிவெடுத்துவிடலாம்.

எந்த நிறத்தில் வந்தாலும் விடக்கூடாதவை உண்டு. டிஸ்க் என்ற பெயரில் 7 வந்தால் மோசமான பிளாக் (படிக்க முடியாத பகுதி) ஒன்று அகப்பட்டிருக்கிறது. 153 வந்தால் படிக்கவோ எழுதவோ ஒருமுறை முயன்று தோற்று, மறுபடி முயன்றிருக்கிறது. வியா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் வருபவை, ஹார்டுவேரே நேராகப் புகார் சொல்பவை. இவை மறுபடி மறுபடி வந்தால் சும்மா விடும் வழி உங்களுக்கு இல்லை. நேராக ஹார்டுவேர் சோதனைக்குப் போக வேண்டும்.

பிரவுசரில் திரை முழுக்க வந்து, சத்தம் போட்டு, "இந்த எண்ணை அழையுங்கள்" என்று சொல்லும் எச்சரிக்கை மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எரர் செய்திகளில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. பிரவுசரை மூடுங்கள். மூட முடியவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் போய் நிறுத்துங்கள். அழைக்க மட்டும் செய்யாதீர்கள். இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சொல்லி வைப்பது நல்லது.

எந்த முடிவுக்கும் முன்னால் ஒரு ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது அதற்கு ஈடாகாது. விண்டோஸ் 8-இலிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி, ஷட்டவுன் செய்யும்போது கெர்னலின் (விண்டோஸின் மையப்பகுதி) நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்து அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. மாட்டிக்கொண்ட டிரைவர் மாட்டிக்கொண்டபடியே திரும்பி வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து கிளப்பும்.

கடைசியாகச் செய்ததைத் திரும்பப் பெறுவது

நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை என்றால் எனக்கு இதுதான் முதல் வழி. இதிலேயே மூன்று தேர்வுகள். ஒரு குறிப்பிட்ட சாதனத்தோடுதான் தொல்லை என்றால், அதாவது கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் ஏறியதிலிருந்து திரை இருண்டு இருண்டு வருகிறது என்பது போல, டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் டிரைவரை மட்டும் ரோல்பேக் செய்தால், அதாவது முந்தைய பதிப்புக்குக் கொண்டுபோனால் போதும். விண்டோஸ் அப்டேட் மேல் சந்தேகம் என்றால் அப்டேட் பட்டியலிலிருந்து அதை நீக்கலாம். பெரிய பதிப்பு மாற்றம் என்றால், வழக்கமாக 10 நாட்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் பட்டன் அமைப்புகளில் இருக்கும்.

எது என்று தெரியவில்லை என்றால் சிஸ்டம் ரீஸ்டோர். இது 2000-இல் விண்டோஸ் எம்ஈ-யோடு வந்த பழைய வசதி. ரெஜிஸ்ட்ரி, சிஸ்டம் கோப்புகள், டிரைவர்கள், நிறுவிய நிரல்கள் ஆகியவற்றை ஒரு பழைய நாளுக்குக் கொண்டுபோகும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் தொடாது. எந்தெந்த நிரல்கள் போகும் என்று முன்கூட்டியே காட்டவும் செய்யும். என் அளவுகோலுக்கு மிகவும் ஒத்துப்போகும் வழி இதுதான், ஏனென்றால் ரீஸ்டோர் செய்ததையே பிறகு ரத்து செய்யலாம். குறை ஒன்று உண்டு: பல கணினிகளில் இது அணைந்தே இருக்கும். தேவைப்படும் நாளில் திறந்து பார்த்தால் ஒரு ரீஸ்டோர் பாயின்ட்கூட இருக்காது. உங்கள் கணினி இன்று நன்றாக ஓடுகிறது என்றால், சிஸ்டம் புரொடக்‌ஷன் பகுதிக்குப் போய் சி டிரைவுக்கு இதை இயக்கி வையுங்கள்.

விண்டோஸுக்குள்ளேயே போக முடியவில்லை என்றாலும் இந்த வழி அடைபடுவதில்லை. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் நீலத்திரையில் நின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட்தான் காரணம். மைக்ரோசாஃப்டின் கணக்கில் சுமார் 85 லட்சம் கணினிகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸைத் திரும்பப் போட வேண்டியிருக்கவில்லை. சேஃப் மோடில் (மிகத் தேவையானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் ஓடும் நிலை) போய் ஒரு கோப்பை நீக்கினால் கணினி எழுந்து நின்றது. நீலத்திரை எவ்வளவு பயமுறுத்தினாலும் பின்னால் இருக்கும் காரணம் ஒரே ஒரு கோப்பாக இருக்கலாம். வீட்டுக் கணினியிலும், சேஃப் மோடில் எரர் வரவில்லை, வழக்கமான முறையில்தான் வருகிறது என்றால், பெரும்பாலும் ஒரு டிரைவரோ நீங்கள் நிறுவிய ஏதோ ஒரு மென்பொருளோதான் குற்றவாளி.

இருக்கிற விண்டோஸையே பழுது பார்ப்பது

எஸ்எஃப்சி, டிஸ்ம் (SFC, DISM) என்ற இரண்டு கட்டளைகளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். எஸ்எஃப்சி, சிஸ்டம் கோப்புகளை விண்டோஸுக்குள் இருக்கும் ஒரு மூலக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டு, கெட்டதை மாற்றும். அந்தக் களஞ்சியமே கெட்டிருந்தால் அதைச் சரிசெய்வது டிஸ்ம். எனவே டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி பிறகு. சேதம் இல்லை என்று இரண்டும் சொல்லிவிட்டால் திரும்பத் திரும்ப ஓட்டுவதில் பயன் இல்லை. உங்கள் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் ஃபார்மட்டுக்கு முன் கட்டாயம் முயல வேண்டிய வழி ஒன்று இருக்கிறது. விண்டோஸின் மேலேயே அதே விண்டோஸை மறுபடி நிறுவுவது. மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸை நிறுவுவதற்கான முழு நகல்) இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே அதைத் திறந்து செட்டப்பை ஓட்ட வேண்டும். கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள் என்பதைத் தேர்ந்தெடுத்தால், சிஸ்டம் கோப்புகள் முழுக்கப் புதிதாகும்; நீங்கள் நிறுவியவை, உங்கள் அமைப்புகள், எல்லாம் அப்படியே இருக்கும். ஐஎஸ்ஓ உங்கள் விண்டோஸின் மொழியிலேயே இருக்க வேண்டும், பதிப்பு பழையதாக இருக்கக்கூடாது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில், ரெக்கவரி பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் மூலமே இதைச் செய்யும் பட்டன் வந்துவிட்டது, ஐஎஸ்ஓ தேட வேண்டியதும் இல்லை. ஃபார்மட்டில் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி இதில் கிடைக்கிறது, இழப்பு கிட்டத்தட்ட இல்லை. அப்டேட் ஏற மறுப்பது, ஸ்டார்ட் மெனு திறக்காதது, விண்டோஸின் சொந்த நிரல்களே விழுவது போன்ற தொல்லைகளுக்கு இதையே முதலில் சொல்வேன். நிபந்தனை ஒன்றுதான்: விண்டோஸ் டெஸ்க்டாப் வரையாவது வர வேண்டும். யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து (கணினியைக் கிளப்பி) இதைச் செய்ய முடியாது.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரத்தில் வருபவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. எதை மாற்றின என்று தெளிவாகத் தெரியாது, அதனால் திரும்பப் பெறுவதும் கஷ்டம். வேண்டாம்.

ரீசெட்டா, சுத்தமாகப் போடுவதா

மேலே சொன்னது எதுவும் பலிக்கவில்லை, ஹார்டுவேரும் சரியாக இருக்கிறது என்றால் புதிதாகப் போடலாம். விண்டோஸே தன்னைப் புதிதாக்கிக்கொள்ளும் ரீசெட்டில் 'என் கோப்புகளை வைத்துக்கொள்' என்று இருப்பதைப் பார்த்து எல்லாமே தப்பிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கோப்புகள் இருக்கும், நிறுவிய நிரல்கள் போய்விடும். போனவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பாக வைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். சிஸ்டம் கோப்புகள் கெட்டிருக்கும் சந்தேகம் இருந்தால், உள்ளே இருப்பதையே வைத்து நிறுவும் தேர்வைவிட, இணையத்திலிருந்து புதிதாக இறக்கும் கிளவுட் டவுன்லோடு நல்லது.

வைரஸ் புகுந்த கணினி என்றால் ரீசெட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேறொரு கணினியில் தயாரித்த யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து, பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) நீக்கி, சுத்தமாகப் போடுவதுதான் சரி. அப்படிப் போடும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிள்களைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறான டிஸ்க்கை அழிக்கும் வாய்ப்பே இருக்காது. லைசென்ஸ் பற்றிய கவலை பெரும்பாலும் வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் அதே மதர்போர்டில் தானாகவே உயிர் பெறும், கீ கேட்கும் இடத்தைத் தாண்டிப் போகலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் அந்தக் கணினியில் திரும்பவும் 10-ஐயே சுத்தமாகப் போட ஒரு நாளைச் செலவழிப்பதைவிட, டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) உட்பட 11-க்கான தகுதி இருந்தால் 11-க்கும், இல்லையென்றால் ஒரு லினக்ஸுக்கும் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) போவது மேல்.

பாகத்தைச் சோதிப்பது

ஃபார்மட்டுக்கு முன்பே வர வேண்டிய கட்டம் இது, ஆனால் எல்லோரும் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். எளிய சோதனை ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம்: நிறுவாமலே ஓடும் லினக்ஸ் லைவ் யுஎஸ்பி ஒன்றில் பூட் செய்து, டிஸ்க்கைத் தொடாமல் சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் உறைகிறது, தானாக அணைகிறது என்றால் விண்டோஸ் மேல் பழி போட வேண்டாம்.

ரேம் என்றால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு நீலத்திரை வருவது அதன் அடையாளம். விண்டோஸின் சொந்த மெமரி டயக்னாஸ்டிக் விரைவானது, ஆனால் அது ஒன்றுமில்லை என்று சொன்னதை மட்டும் வைத்து நான் விட்டுவிட மாட்டேன். மெம்டெஸ்ட்86+ இலவசம், இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் ரேம் பக்கம் கோளாறு உறுதி. உடனே புது ரேம் தேட வேண்டாம். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கியிருந்தால் அதை அணைத்துச் சோதியுங்கள், பல ரேம்கள் சாதாரண வேகத்தில் எரர் இல்லாமல் ஓடிவிடும். அப்புறம் ஒவ்வொரு குச்சியாகத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். கழற்றித் திரும்ப அழுத்தி மாட்டியதிலேயே சரியாகிவிடுவதும் உண்டு. மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

டிஸ்க்தான் நிதானம் கேட்கும் இடம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரலில் ஸ்மார்ட் மதிப்புகளை (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் எண்கள்) பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள்), கரன்ட் பெண்டிங் செக்டர் (சந்தேகத்தில் உள்ள பகுதிகள்) இரண்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கின் காலம் முடிகிறது. அந்த நிலையில் செக்டிஸ்க்கை (டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளை, chkdsk) ஆர் (/r) என்ற விருப்பத்தோடு ஓட்டச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். அது டிஸ்க் முழுவதையும் வரி வரியாகப் படிக்க வைக்கும். ஏற்கெனவே சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி அடியாகிவிடலாம். முதலில் நகல், பிறகுதான் மற்றதெல்லாம்.

அதே பட்டியலில் யுடிஎம்ஏ சிஆர்சி எரர் என்று இன்னொரு வரி இருக்கும். இது மட்டும் ஏறி, மற்றவை பூஜ்யமாகவே இருந்தால், பெரும்பாலும் டிஸ்க் நன்றாக இருக்கிறது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகும் சாட்டா கேபிளில்தான் தரவு சிதைகிறது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், அந்தத் தட்டையான கேபிள் கூர்மையாக மடங்கிக் கிடக்கும், அல்லது முனை பாதி வெளியே வந்து நிற்கும். கேபிளை மாற்றுங்கள். மாற்றிய பிறகும் அந்த எண்ணிக்கை குறையாது, ஏனென்றால் அது கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. புதிதாக ஏறுகிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். கேபிளில் இருந்த கோளாறுக்காக நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுவது மனதை உறுத்தும் காரியம்; இந்த ஒரு வரியைப் பார்த்தால் அது நடக்காது.

விளையாடும்போதும் வீடியோ எடிட் செய்யும்போதும் மட்டும் நீலத்திரைகூட இல்லாமல் பட்டென்று அணைகிறது என்றால் சூடு அல்லது எஸ்எம்பிஎஸ். சூட்டை ஒரு நிரலில் பார்த்துவிடலாம். 95, 100 டிகிரியைத் தொட்டுக்கொண்டு நின்றால் தூசியைத் துடைத்து, விசிறி சுற்றுகிறதா என்று பார்த்து, தெர்மல் பேஸ்டைப் புதிதாகப் போட வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை மென்பொருளால் உறுதியாகச் சோதிக்க முடியாது. நல்லது என்று தெரிந்த இன்னொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. அதன் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

சின்ன விஷயம் ஒன்று. எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் எரர் வருகிறதா? கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அதை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் முடிந்தது.

பிறரிடம் கொடுப்பதானால்

மாற்றிப் பார்க்க உதிரி பாகம் கையில் இல்லை, அல்லது டிஸ்க்கிலிருந்து வழக்கமில்லாத சத்தம் வருகிறது என்றால் சர்வீஸ்காரரிடம் கொடுப்பதே சரி. சத்தம் வரும் டிஸ்க்கை வீட்டில் மறுபடி மறுபடி இயக்கிப் பார்க்கக் கூடாது. உள்ளிருப்பது விலைமதிப்பற்றது என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் நேராகப் போங்கள். கொடுக்கும்போது "அடிக்கடி எரர் வருது" என்று மட்டும் சொன்னால் அவரும் ஃபார்மட்டில்தான் ஆரம்பிப்பார். திரையை மொபைலில் எடுத்த படம் (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் அந்த நீலத்திரை இப்போது கருப்பாக வரும்), ஸ்டாப் கோட், எந்த வேலையின்போது வருகிறது, நீங்கள் ஏற்கெனவே எதையெல்லாம் சோதித்தீர்கள், இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்களைக் கேட்காமல் டிஸ்க்கை அழிக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பிட்லாக்கர் எண்ணை அதில் எழுத வேண்டாம். அவர் கேட்டால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது நீங்களே தட்டச்சு செய்துகொடுங்கள்.